தொழில் பழக்கினால் மட்டும் போதுமா?
திறந்தவெளிச் சிறைகளில் கைதிகளுக்குத் தொழில் பழக்கி, தண்டனை முடியுமுன்பே வெளிவேலைக்கு விடலாம் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. சரி, கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் திறந்தவெளிச் சிறை முகாம் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் 1841இல் கட்டிய கொழும்பு வெலிக்கடைச் சிறையின் நெரிசலுக்குள் எவ்வளவு பழக்க முடியும்?

கொழும்பு கிராண்ட்பாஸில் எனக்குச் சின்னத் தளபாடப் பட்டறை. மறியலில், அதாவது சிறையில், மரவேலை பழகிய ஒருவரைச் சேர்த்தேன். கதவு நிலை செய்வதில் என் பழைய தச்சு பாஸையே மிஞ்சிவிட்டார் (பாஸுக்கு இன்னும் கோபம்தான்). கையில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தும், என்னிடம் வருமுன் நான்கு இடங்களில் பொலிஸ் அறிக்கை கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் பாதிச் சம்பளம் பேசினார்களாம். வெளிவேலைக்கு விடுவதென்றால் கூலி நேரே கைதிகளின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், இடையில் யார் கையும் படாமல்.