குழு சட்டத்திலேயே இருக்கிறது, கூட்டத்தான் ஆளில்லை

ஆட்கடத்தலைத் தடுக்க எல்லாத் துறைகளும் சேர்ந்த கூட்டுக் குழு வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். வாங்கிய முன்பணத்துக்காகச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கிக் கிடக்கும் குடும்பங்களுக்காக அப்படி ஒரு குழு 1976-லேயே சட்டமாகிவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு, கோட்டத்துக்கு ஒன்று. பட்டியல் சாதி, பழங்குடியினரில் மூன்று பேர், சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர், கடன் தரும் நிறுவனங்களின் சார்பில் ஒருவர். மீட்கப்பட்டவர் மறுபடி அட்வான்ஸுக்குக் கைநீட்டாமல் இருக்க அவருக்குக் கடன் கிடைக்கச் செய்வதும் இந்தக் குழுவின் வேலைதான்.

ஆனால் நடப்பது என்ன? கொத்தடிமை ஒழிப்பு நாளான பிப்ரவரி 9-ஆம் தேதி கலெக்டர் ஆபீஸில் உறுதிமொழி எடுப்பதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது.

குழு உயிரோடு இருந்தால் என்ன மாறும் என்பது விசாரணை நடக்கும் இடத்தில் தெரியும். முதலாளி பத்தடி தள்ளி நிற்க, "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டால் எந்த இருளர் குடும்பமும் "இல்லைங்க" என்றுதான் சொல்லும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் குடும்பத்தோடு போக முடியுமா, இல்லை பிள்ளையை இங்கே விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா? முன்பணம் எவ்வளவு, இதுவரை எவ்வளவு கழித்தார்கள்? இதையெல்லாம் தனியாக உட்காரவைத்துக் கேட்க, முன்பு மீட்கப்பட்ட ஒருவரையே குழுவில் வைக்கலாம். முன்பணத்தில் முதலாளி எழுதும் பொய்க் கணக்கு அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

திருவள்ளூர் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். ஒடியா தெரிந்த ஒருவர் கூட இல்லாமல் என்ன வாக்குமூலம் வாங்குவது? கொத்தடிமையிலிருந்து விடுபட்டவர் என்று அரசு தரும் விடுதலைச் சான்றிதழோடு ரயில் ஏற்றிவிட்டால் போதுமா? அங்கே இறங்கும்போது அந்த மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டாமா? போகாவிட்டால் அடுத்த சீசனுக்கு அதே தரகர் வாசலில் வந்து நிற்பார்.

அப்புறம் வழக்கு. மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கான மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்ற பெரிய தொகைகள் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டப்பட்டிருக்கின்றன. போலீஸார் வழக்கில் ஆட்கடத்தலுக்கான சட்டப் பிரிவைச் சேர்க்காமல் சாதாரணத் தகராறாக எழுதிவிட்டால், சூளையில் உழைத்தவருக்குத்தான் நஷ்டம். எஃப்.ஐ.ஆர். எழுதும் அன்றே வருவாய்த் துறையும் தொழிலாளர் துறையும் வழக்கறிஞரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உங்கள் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, உறுப்பினர்கள் யார் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேளுங்கள். வரும் பதிலை அப்படியே இங்கே கமெண்டில் போடுங்கள்.