போலீஸ் சீஃபுக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்னால்

நியூ ஜெர்சியில் எங்கள் டவுன்ஷிப்பின் போலீஸ் சீஃபாக, அதாவது ஊர்க் காவல்துறைத் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர் வருகிற நவம்பரில் ஊரை நிர்வகிக்கும் டவுன்ஷிப் கமிட்டிக்கு நிற்கிறார். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டுப் புல்தரையில் அவர் பெயர்ப் பலகை நடப்பட்டிருக்கிறது. நம்ம தமிழ் வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு ஒரே பக்கமாகத்தான் போகிறது. "போலீஸ்காரர் வந்தா ஊர் ஒழுங்கா இருக்கும், கண்ண மூடிக்கிட்டுப் போடலாம்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் ஊர்க் கணக்கிலேயே இதைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. ஊராட்சித் தலைவரோ நகராட்சித் தலைவரோ உள்ளூர் இன்ஸ்பெக்டரை மாற்ற முடியாது, ஸ்டேஷன் செலவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. நியூ ஜெர்சியில் கதையே வேறு. போலீஸ் துறையை உண்டாக்குவதே டவுன்ஷிப் போடும் ஆர்டினன்ஸ், அதாவது உள்ளூர்ச் சட்டம்தான். எத்தனை பேரை வைத்துக்கொள்வது, என்ன சம்பளம், அடுத்த சீஃப் யார் என்பதெல்லாம் எங்கள் ஊரில் கமிட்டி மேஜைக்கு வந்தாக வேண்டும். கமிட்டியில் மொத்தம் ஐந்து பேர். மூன்றாண்டுப் பதவி. ஜனவரியில் நடக்கும் முதல் கூட்டத்தில் தங்களுக்குள் ஒருவரை மேயராக்கிக்கொள்வார்கள். ஐந்தில் மூன்று கை உயர்ந்தால் பெரும்பாலான விஷயங்கள் நிறைவேறிவிடும்.

அப்படியென்றால், முப்பது வருஷம் தான் வேலை பார்த்த துறைக்கே முதலாளியாக உட்காரத்தான் இவர் ஓட்டுக் கேட்கிறார்.

மனிதர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2021 செப்டம்பர் 1 அன்று ராத்திரி ஐடா புயல் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். நியூ ஜெர்சியில் மட்டும் 30 பேர் இறந்தார்கள், அதில் பலர் காரோடு வெள்ளத்தில் சிக்கியவர்கள். அன்று எங்கள் ஓடைப் பாலத்தருகே முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தெருக்கோடியில் ரோட்டுக்கு அடியில் போகும் குழாயைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். அது 24 அங்குலக் குழாய், 36 ஆக்கினால்தான் மழைத் தண்ணீர் வடியும், இல்லாவிட்டால் அடுத்த புயலுக்கும் இதே கதிதான் என்றார். இப்போது கமிட்டியில் இருக்கும் ஐந்து பேருக்கும் அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா என்பது சந்தேகம்.

சரி, போலீஸ் பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தத் துறையைத் தன்னை விட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை, அதனால்தான் நிற்கிறேன் என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றைய சீஃப் அவர் பரிந்துரையில் பதவி உயர்ந்தவர். இப்போதிருக்கும் அதிகாரிகளில் பெரும்பாலோர் அவர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்தவர், நாளை சம்பள ஒப்பந்தத்தில் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். எவ்வளவு நேர்மையானவருக்கும் அது லேசான காரியம் இல்லை.

டவுன்ஷிப் வெப்சைட்டில் பட்ஜெட் பிடிஎஃப் இருக்கிறது, திறந்து பாருங்கள். எங்கள் ஊரில் போலீஸ் சம்பளத்துக்குப் போவதுதான் மற்ற எல்லாச் செலவையும் விடப் பெரியது. பள்ளிக்கூடத்தின் கணக்கு வேறு, அது இதில் சேராது. 2011 முதல், சில விலக்குகள் போக, ஊர் வசூலிக்கும் வீட்டு வரி ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஒரு இடத்தில் கூட்டினால் ரோட்டிலோ பூங்காவிலோ அந்தக் குழாயிலோ குறைத்தாக வேண்டும். ஓய்வு பெறும்போது மிச்சமிருக்கும் சிக் லீவைக் காசாக்கும் வழக்கத்துக்கு 2007-லும் 2010-லும் மாநிலம் வரம்பு போட்டது. 2022-ல், அரசுச் செலவுகளைத் தணிக்கை செய்யும் மாநில கம்ப்ட்ரோலர் அலுவலகம் 60 ஊர்களை ஆராய்ந்ததில் 57 ஊர்கள் அந்தச் சட்டங்களைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று தெரிந்தது. இதையெல்லாம் கறாராகப் பேச, அந்த வரிசையிலேயே ஓய்வு பெற்று வந்தவருக்கு மனசு வருமா?

பணம்கூட இரண்டாம் பட்சம்தான். நம்ம வீட்டுப் பையனை ராத்திரி காரை நிறுத்தி மரியாதை இல்லாமல் நடத்தினார்கள் என்று வையுங்கள். முறைப்படி புகார் அதே துறையில், போலீஸ்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்டர்னல் அஃபேர்ஸ் பிரிவுக்குப் போகும். அங்கே பதில் வராவிட்டால் கமிட்டிக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சில நிமிஷம் பேசலாம், ஊர் அளவில் அவ்வளவுதான். அப்போது எதிரே உட்கார்ந்து கேட்பவர் யார் என்பது எனக்கு ரொம்ப முக்கியம்.

எங்கள் மாநிலத்திலேயே யூனியன் கவுண்டியில் இருக்கும் கிளார்க் டவுன்ஷிப்பில் நடந்ததைப் பாருங்கள். மேயரும் போலீஸ் உயரதிகாரிகளும் கறுப்பின மக்களைக் கேவலமாகப் பேசியதை அந்தத் துறையின் அதிகாரி ஒருவரே ரகசியமாகப் பதிவு செய்தார். 2020-ல் அவரோடு 4 லட்சம் டாலருக்கு உடன்பாடு போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் கவுண்டி பிராசிக்யூட்டர், அதாவது கவுண்டியின் அரசு வழக்கறிஞர், வந்து போலீஸ் துறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பேச்சு ஊர் மக்கள் காதுக்கு வந்தது 2022 மார்ச்சில், பத்திரிகைக்காரர்கள் வெளியிட்ட பிறகுதான். மேற்பார்வை செய்ய வேண்டியவர்களும் செய்யப்பட வேண்டியவர்களும் ஒரே கூட்டமாகிவிட்டால் வரிப்பணத்தைக் கொடுத்து மூடி மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

போலீஸிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. டாம் பிராட்லி லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து, 1961-ல் லெப்டினன்டாக விலகியவர். அப்புறம் வக்கீல், கவுன்சில் உறுப்பினர். 1973-ல்தான் மேயரானார். 1991-ல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீஸார் அடித்த வீடியோ வெளியானதும், சீஃப் டேரில் கேட்ஸைப் பதவி விலகச் சொன்னவர் அதே பிராட்லிதான். ஃபிராங்க் ரிஸ்ஸோ 1971-ல் பிலடெல்பியா போலீஸ் கமிஷனர் பதவியை விட்டு, அதே ஆண்டு தேர்தலில் ஜெயித்து மேயரானார். 1979-ல் போலீஸ் அத்துமீறலுக்குத் துணைபோனதாக அவர் மேலும் நகர அதிகாரிகள் மேலும் மத்திய நீதித் துறையே வழக்குப் போட்டது. வழக்கைக் கோர்ட் தள்ளுபடி செய்தது வேறு விஷயம். இருவரின் குணமும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சீருடையைக் கழற்றி எத்தனை வருஷம் கழித்து வந்தார்கள் என்பதும் பெரிய வித்தியாசம் என்றே நான் நினைக்கிறேன். எங்கள் சீஃப் ஓய்வு பெற்றது போன வருஷம்.

1991-ல் வந்த மாநில நெறிமுறைச் சட்டப்படி, தனக்குச் சொந்த ஈடுபாடு இருக்கும் விஷயத்தில் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். போலீஸ் ஒப்பந்தம், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாவற்றிலும் ஒதுங்குவேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால் என் பயம் பாதி போய்விடும். அப்படி ஒதுங்கினால் ஊரின் பெரிய செலவில் வாய் திறக்காத உறுப்பினராக இருப்பார், அதுவும் உண்மைதான். அதற்குப் பதில் முதலில் இரண்டு மூன்று வருஷம், ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று பார்க்கும் பிளானிங் போர்டில் இருக்கலாம். 2024-ல் வந்த மலிவு வீட்டுச் சட்டத்தால் ஒவ்வொரு ஊரும் தன் பங்கு வீடுகளுக்கு 2035 வரை இடம் காட்ட வேண்டியிருக்கிறது. ஓடையையும் வெள்ளத்தையும் தெரிந்த ஆள் அங்கேதான் அதிகம் தேவை. அதன்பிறகு அவர் கமிட்டிக்கு நின்றால் நானே அவர் பலகையை என் வீட்டு வாசலில் நடுவேன்.

தேர்தலுக்கு முன் வேட்பாளர்களைக் கேள்வி கேட்கும் கூட்டம் நடக்கும். போலீஸ் விஷயங்களில் ஒதுங்குவீர்களா என்று அவரிடம் எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள். சிட்டிசன்ஷிப் வாங்கி இன்னும் பெயர் பதியாதவர்கள், தேர்தலுக்கு 21 நாளுக்கு முன்பே பதிந்தாக வேண்டும். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.