சுவரைத் திறந்தது ஒரு பேச்சு அல்ல

"ரீகன் பேசினார், பெர்லின் சுவர் விழுந்தது, அன்றே ஜெர்மனி ஒன்றானது" என்று எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. இது தவறு. அமெரிக்க அதிபர் ரீகன் பெர்லினில் "இந்தச் சுவரை இடியுங்கள்" என்று பேசியது 1987 ஜூன் 12. கிழக்கு, மேற்கு பெர்லினைப் பிரித்த அந்தச் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. நடுவில் கிட்டத்தட்ட இரண்டரை வருடம்.

கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் மக்களை மறந்துவிடக் கூடாது. 1989 அக்டோபர் 9 அன்று அங்குள்ள லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். சுடுவார்கள் என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. பலர் கையில் மெழுகுவர்த்தி. ஒரு கை பிடிக்க, மறு கை காற்றில் அணையாமல் மறைக்க. கல்லெடுக்கக் கை ஏது? போலீஸ் பின்வாங்கியது. கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான சோவியத் வீரர்கள் இருந்தும், சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அவர்களை இறக்கவில்லை. பாராட்டு வேண்டுமென்றால் அவருக்கும் உண்டு.

அப்புறம் நவம்பர் 9. கிழக்கு ஜெர்மானியர் வெளிநாடு போக அனுமதிக்கும் புதிய பயண விதி எப்போது அமல் என்று நிருபர்கள் கேட்க, ஆளும் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உடனடியாக" என்றார். உண்மையில் அது மறுநாளுக்கானது, அதுவும் விண்ணப்பித்தால்தான். ஜனம் எல்லைக்குத் திரண்டது. பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் மேலிட உத்தரவு வராமலேயே பொறுப்பு அதிகாரி இரவு பதினொன்றரை வாக்கில் தடுப்பைத் திறந்துவிட்டார்.

ஒன்றிணைப்பு அன்றைக்கே நடக்கவில்லை. 1990 மார்ச் 18 கிழக்கு ஜெர்மனியில் தேர்தல், ஜூலை 1 அங்கே மேற்கு ஜெர்மன் நாணயமான மார்க், செப்டம்பர் 12 இரு ஜெர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் செய்த மாஸ்கோ ஒப்பந்தம், இதெல்லாம் முடிந்து அக்டோபர் 3 அன்றுதான் நாடு ஒன்றானது. பதிவைத் திருத்திவிடுங்கள்.