பேட்டர்ன்களை அடுக்கினால் போதாது, உறவையும் எழுதுங்கள்

ரங்கூனில் ஆப், இணையதளம் என்று டிசைன் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வைத்திருக்கும் பேட்டர்ன் தொகுப்புகள் (திரும்பத் திரும்ப வரும் ஒரு சிக்கலுக்கான தீர்வுதான் பேட்டர்ன்) பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. பட்டன் ஒரு பக்கம், டிராப்டவுன் (தொட்டால் விரியும் பட்டியல்) ஒரு பக்கம், ஃபார்ம் ஒரு பக்கம். பார்க்க அழகுதான். ஆனால் "இந்த இடத்தில் எதைப் போடுவது, ஏன்?" என்று கேட்டால் அந்தத் தொகுப்பில் பதில் இல்லை. அது வெறும் காம்பொனென்ட், அதாவது திரை உறுப்புகளின் பட்டியல்.

கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் கூட்டாளிகளும் கட்டடக்கலைக்காக 1977-இல் 253 பேட்டர்ன்களை வெளியிட்டார்கள். ஊரில் தொடங்கி வீடு, அறை என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும் வரிசை. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அது எந்தப் பெரிய பேட்டர்னுக்குள் அடங்குகிறது என்றும், முடிவில் எந்தச் சிறியவை அதை நிறைவாக்கும் என்றும் எழுதியிருக்கும். நாம் பேட்டர்னை எடுத்துக்கொண்டோம், இந்த இணைப்பை விட்டுவிட்டோம்.

என்.ஆர்.சி (தேசிய அடையாள அட்டை) எண் கேட்கும் இடத்தையே பாருங்கள். முதலில் 1 முதல் 14 வரையிலான மாநில எண் (ரங்கூனுக்கு 12), அடுத்து டவுன்ஷிப்பின் சுருக்கெழுத்து, அடைப்புக்குள் குடியுரிமை வகை, கடைசியில் 6 இலக்கம். காம்பொனென்ட் கணக்கில் இது மூன்று டிராப்டவுன், ஒரு எண் பெட்டி. ஒரு பேட்டர்னுக்கு ஒரு குறிப்பு அட்டை என்று எழுதினால் மேலே, அதாவது அது அடங்கும் பெரிய பேட்டர்ன்களாக, "கணக்குப் பதிவு", "அடையாளச் சரிபார்ப்பு" வரும். கீழே, அதை நிறைவாக்கும் சிறியதாக, "ஒன்றைச் சார்ந்த இன்னொரு டிராப்டவுன்" வரும், ஏனென்றால் 300-க்கு மேற்பட்ட டவுன்ஷிப்பையும் போன் திரையில் ஒரேயடியாகக் கொட்ட முடியாது. "பர்மிய இலக்கத்தையும் ஏற்று ஒரே வடிவில் சேமித்தல்" என்பதும் கீழேதான். மாற்று, முழு எண்ணையும் ஒரே பெட்டியில் அடிக்கவிடுவது. நாள் முழுக்கப் பதிவு போடும் கவுன்டர் ஊழியருக்கு அதுதான் வேகம். வாழ்க்கையில் ஒருமுறை பதிபவருக்கு அது தொல்லை.

பேட்டர்ன் அட்டையில் "எங்கே உடையும்" என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். குடியுரிமை வகையில் முழுக் குடியுரிமையைக் குறிக்கும் "நைங்" ஒன்றை மட்டும் வைத்து வேலையை முடித்தால் என்ன ஆகும்? 1982 சட்டத்தில் முழு, இணை, இயல்புரிமை என மூன்று வகைக் குடியுரிமை உண்டு. நம்மவர்களில் நீல அடையாள அட்டை (இணை), பச்சை அடையாள அட்டை (இயல்புரிமை) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டிசைனர் விட்ட ஒரு வரியால் அவர்களால் கணக்கே தொடங்க முடியாமல் போகும். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பெயர்ப் பெட்டி இன்னும் ஆழமானது. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கும் அப்பா பெயர்தான் இனிஷியல். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் ஆளுக்கொரு மாதிரி நிரப்புவார்கள். ஊ, டோ, கோ, மா போன்ற மரியாதைச் சொல்லைப் பெயரோடு சேர்த்துச் சேமித்தால் அகர வரிசையே குலையும். இன்று கோ என்று அழைக்கப்படுபவர் நாளை ஊ ஆகிவிடுவார், அதனால் அது தனிப் புலமாகவே இருக்க வேண்டும்.

பெயர்த் தேடலுக்கு வந்தால் ஸோஜி சிக்கல். பர்மிய எழுத்தைக் கணினியில் சேமிக்கும் பழைய முறை ஸோஜி, உலகப் பொதுமுறை யூனிகோடு. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, ஆனால் பழைய தரவு அப்படியே கிடக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் தேடலில் பொருந்தாது. எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்கும் நிரல்களும் சிறிய பெயர்களில் தடுமாறும். ஆகவே "பெயர்த் தேடல்" பேட்டர்ன் "எழுத்துமுறைச் சீராக்கம்" இல்லாமல் இயங்காது. திரையில் தெரியாத ஒன்றுக்குக் காம்பொனென்ட் பட்டியலில் இடமே இருக்காது.

உறவுக்கு நான்கு வினை போதும்: உள்ளடக்கும், இல்லாமல் இயங்காது, பதிலாக வரும், சேராது. வெறும் "தொடர்புடையவை" என்று எழுதவே எழுதாதீர்கள், அதில் ஒன்றும் விளங்காது. "பதிலாக வரும்" என்றால் எந்த நிலையில் என்று ஒரு வரி வேண்டும். பல படிகளாகப் போகும் ஃபார்ம், பாதியில் சேமிக்கும் வசதி இல்லாமல் இயங்காது. கரன்ட்டும் நெட்டும் போய் வரும் நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தொடக்கத்தில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் இருபது அட்டையும் போதும். இணைப்பைப் பெயரால் எழுதாமல் அட்டை எண்ணால் எழுதுங்கள், பெயர் மாறினாலும் அறுந்து போகாது. எந்த இணைப்பும் இல்லாத அட்டை பெரும்பாலும் காம்பொனென்டாகத்தான் இருக்கும், வெளியே எடுங்கள். எல்லாவற்றோடும் இணையும் அட்டை அகலமாகிவிட்டது, பிரியுங்கள். புது அட்டை சேர்ப்பவர் மறுமுனை அட்டையிலும் அந்த இணைப்பை எழுதிய பிறகுதான் அதைத் தொகுப்புக்குள் விட வேண்டும்.