பதினான்காவது வேகனுக்கு முன்னால்

பைக்காரர்: சார், சற்று நில்லுங்கள். இப்போது எடுத்தீர்களே, அந்தப் படத்தை மட்டும் அழித்துவிட்டால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கேமராக்காரர்: அழிப்பதா? விடியற்காலையில் எழுந்து, காட்பாடியிலிருந்து துரத்திக்கொண்டு வந்து, இந்த வெயிலில் நின்று எடுத்ததை அழிக்கச் சொல்கிறீர்களே, தம்பி!

பைக்காரர்: காட்பாடியிலிருந்தா? நான் அங்கே மாமனார் வீட்டிலிருந்து கிளம்பியது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேமராக்காரர்: (கேமராவின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்) கிளம்பும்போதே கவனித்துவிட்டேன். எடுத்த எடுப்பில் வேகமே இல்லை. சுமை அப்படி.

பைக்காரர்: ஒரு மூட்டை அரிசியும் என் மைத்துனரும்தான் சார். அவரையும் பள்ளிகொண்டாவிலேயே இறக்கிவிட்டேன்.

கேமராக்காரர்: பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நான் சிக்கிக்கொண்டேன், கண்ணில் இருந்து மறைந்தே போய்விட்டது. நல்லவேளையாக ஆம்பூரில் அரைமணி நேரம் நின்றதால் மறுபடியும் பிடித்தேன்.

பைக்காரர்: டீ குடிக்கத்தான் நின்றேன். பிரியாணிக் கடை திறந்திருக்கவில்லை என்பதால் ஒரு டீயை இரண்டு டீயாகக் குடித்தேன். அதுவும் குற்றமா சார்?

(கேமராக்காரர் காக்கி நிறத்தில் கால்சட்டை அணிந்திருந்தார் என்பதையும், நம் ஊரில் காக்கியைக் கண்டதும் மனிதன் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்கிவிடுவான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

பைக்காரர்: எண் விழுந்துவிட்டதா?

கேமராக்காரர்: எண் விழாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்து இலக்கமும் பளிச்சென்று தெரிகின்றன.

பைக்காரர்: என்னுடையது நான்கு இலக்கம்தானே? ஐந்தாவதைச் சேர்த்தால் அபராதம் கூடுமா?

கேமராக்காரர்: முன்பக்கம் எடுத்தேன், பக்கவாட்டில் எடுத்தேன், கடைசியாகப் பின்பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மூன்றையும் குழுவில் போட்டாகிவிட்டது. சேலத்தில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், மேட்டூரில் இன்னொருவர். நான் தவறவிட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள்.

பைக்காரர்: நான் வாணியம்பாடியைத் தாண்டிப் போகப்போவதே இல்லை சார். தயவுசெய்து அவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். என்னிடம் இருநூறு ரூபாய் இருக்கிறது.

கேமராக்காரர்: நான் படங்களை விற்பதில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகவே அனுப்பிவைப்பேன்.

பைக்காரர்: ஐயோ, எல்லோருக்குமா? எண்ணோடா?

கேமராக்காரர்: எண்ணோடுதான். ஆனால் ஒரே ஒரு மனக்குறை. இதோ பாருங்கள்: எஞ்சின் அருமையாக வந்திருக்கிறது, பின்னால் ஏலகிரி மலையும் வந்திருக்கிறது, எல்லாம் வந்தபிறகு பதினான்காவது வேகனுக்கு முன்னால் நீங்கள் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பைக்காரர்: வேகனா? எந்த வேகன்?

கேமராக்காரர்: இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் போனதே, தம்பி, நிலக்கரி ஏற்றிய 58 வேகன்கள், முன்னால் கோமோ எஞ்சின் பராமரிப்பு ஷெட்டைச் சேர்ந்த 6,120 குதிரைத்திறன் எஞ்சின், எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய 5,000 டன், மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. ஜார்க்கண்ட் மாநிலத்து எஞ்சின் ஒன்று நம் பக்கம் தலைகாட்டியதே என்றுதான் காலையிலிருந்து அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேறு எதை நினைத்தீர்கள்?

பைக்காரர்: அப்படியானால் நீங்கள் போலீஸ் இல்லையா?

கேமராக்காரர்: இல்லை.

பைக்காரர்: ரயில்வேயும் இல்லையா? பத்திரிகை?

கேமராக்காரர்: வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவன்.

பைக்காரர்: (நிமிர்ந்து நின்று) பெரியவரே, அப்படியானால் நீங்கள் எந்த அதிகாரத்தில் இங்கே படம் எடுக்கிறீர்கள்? ரயில் என்பது நாட்டின் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விஷயம். நிலக்கரி எங்கே போகிறது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தீர்களா?

கேமராக்காரர்: அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமாக, மூடிகூடப் போடாமல், ஒவ்வொரு கேட்டிலும் ஹார்ன் அடித்துக்கொண்டு பட்டப்பகலில் போகும் ரகசியத்தை நான் போய்த்தான் வெளியே சொல்ல வேண்டுமா? நான் கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் நிற்கிறேன். நீங்கள்தான் மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்து உள்ளே போய் நிற்கிறீர்கள். முதலில் இந்தப் பக்கம் வாருங்கள். சிக்னல் மறுபடியும் விழுந்திருக்கிறது, எதிர்த்திசையில் இன்னொன்று வருகிறது.

பைக்காரர்: ஒருமுறை குனிந்ததற்கே இடுப்பு போய்விட்டது. வந்தவழியே திரும்புவதாக இருந்தால் எதற்காக உள்ளே வந்தேன்? அது கிடக்கட்டும், வந்தே பாரத்தைப் படம் எடுத்தாலும் ஓர் அர்த்தம் உண்டு. கரிவண்டியில் என்ன இருக்கிறது?

கேமராக்காரர்: வந்தே பாரத்துக்கு நேரம் குறித்திருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு வந்து நின்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், அதில் எடுத்தவனின் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை. சரக்கு வண்டிக்கு நம்மைப் போன்றவர்கள் பார்ப்பதற்குக் கால அட்டவணையே கிடையாது. எந்த நிலையத்தில் லூப் லைன் என்கிற பக்கப் பாதையில் ஒதுக்குவார்கள், எந்த எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டபிறகு பச்சை விழும், அதற்குள் நெடுஞ்சாலையில் முந்திப்போய் வெயில் நம் முதுகில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்க முடியுமா என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்குப் பத்தில் எட்டுமுறை பொய்த்து, கடைசியில் ஒன்று கண்ணெதிரே வரும்போது உண்டாகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதை நான் காசாளர் மேசையில் ஒருநாளும் கண்டதில்லை. இன்று காலையில் மட்டும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்குப் போகும் கண்டெய்னர் வண்டி ஒன்று, அரிசி ஏற்றிய மூடுவேகன்கள், புத்தம்புதிய கார்களை வயிற்றுக்குள் அடுக்கிக்கொண்டு போனது ஒன்று. இந்தப் பக்கம் எனக்கு இன்னும் வாய்க்காதது பீகாரில் மதேபுராவில் கட்டுகிறார்களே, 2020இல் ஓடத் தொடங்கிய 12,000 குதிரைத்திறன் இரட்டை எஞ்சின், அது ஒன்றுதான்.

பைக்காரர்: மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

கேமராக்காரர்: அது மின்சாரத்தில் ஓடுவது, தம்பி.

பைக்காரர்: சரி, சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் போகும்?

கேமராக்காரர்: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) 2019இல் சென்னையில் குடிநீர் இல்லாமல் போனபோது, இதோ இந்த ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்குப் போனதே, அதுவும் சரக்கு வண்டிதான். வரவேற்க அமைச்சர்கள் வந்து நின்றார்கள். தொலைக்காட்சியைத் திறந்தால் அந்த வண்டிதான். அன்றைக்கு யாரும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தாகம் எடுத்தால் படம், இல்லையென்றால் சந்தேகம்.

பைக்காரர்: பேச்சை மாற்றாதீர்கள். என்னுடைய எண் விழுந்திருக்கிறதா இல்லையா?

கேமராக்காரர்: எனக்கு உங்கள் எண் எதற்கு? உங்களை நீக்கிவிட்டுப் பதினான்காவது வேகனை எப்படி மீட்பது என்பதுதான் என் கவலை. கேட் மூடியிருந்தது உங்கள் கண்ணில் படவில்லையா?

பைக்காரர்: அது லாரிக்கும் பேருந்துக்கும் மூடுவது. பைக்குக்கு மூடுவதாக இருந்தால் இன்னும் தாழ்வாகவல்லவா வைத்திருப்பார்கள்?

கேமராக்காரர்: அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

பைக்காரர்: அவசரம் என்று எதுவும் இல்லை. நிற்கப் பிடிக்காது.

கேமராக்காரர்: ஆம்பூரில் ஒரு டீயை இரண்டாகக் குடித்தவருக்கு இங்கே ஐந்து நிமிடம் நிற்கப் பிடிக்கவில்லை. லோகோ பைலட் உங்களைப் பார்த்து அவசர பிரேக்கைப் போட்டாலும், அத்தனை டன் எடை ஒரு கிலோமீட்டர் போனபிறகுதான் நிற்கும். அதற்குப் பிறகு அவர் பல நாட்கள் தூங்கமாட்டார். ரயில்வே சட்டம், 1989இல் 147ஆவது பிரிவு, அத்துமீறி உள்ளே நுழைபவருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. அதை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டியிருக்கிறார்களா? என்னை நிறுத்தி அடையாள அட்டை கேட்டவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

பைக்காரர்: கேட்கத்தான் வேண்டும். இவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் நல்லவராக இருக்க முடியாது. இருங்கள், ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்து இப்போதே புகார் சொல்லிவிடுகிறேன்.

கேமராக்காரர்: தாராளமாகச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் வந்துவிட்டுச் சொல்லுங்கள்.

பைக்காரர்: (தொலைபேசியில்) வணக்கம் சார். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், கேட்டில் சந்தேகத்துக்கு இடமான ஆள் ஒருவர் நிற்கிறார். ஆமாம், கேமராவோடு. இல்லை, தண்டவாளத்தில் இல்லை, சாலையில்தான் நிற்கிறார். கேட் மூடித்தான் இருக்கிறது சார், எனக்கு நன்றாகத் தெரிகிறது. எங்கிருந்து பார்க்கிறேனா? உள்ளேயிருந்துதான் பார்க்கிறேன். உள்ளே என்றால், கேட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், பைக்கோடு. சார்? என் பெயர் எதற்குச் சார்?