ஆறு மாதச் சேமிப்பு வீட்டுக்குச் சரி, பட்டறைக்கு?
வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குமுன் ஆறு மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வைத்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்குப் போதவில்லை. ஐடி வேலையை விட்டு, கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் மெஷின்) போட்டு பம்ப் உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறேன். சரக்கு போய் தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. ஆனால் பில் போட்ட அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியைக் கைக்காசிலிருந்து கட்டியாக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆயில் கையைக் கழுவிவிட்டு நாலு பேர் வாரச் சம்பளத்துக்கு நிற்பார்கள், அவர்களிடம் சரக்கு வாங்கிய பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை என்று எப்படிச் சொல்வது? முதல் வருடம் என் மனைவியின் வளையல்தான் அந்தச் சனிக்கிழமைகளைத் தாண்ட வைத்தது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சரி, ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவன் அதைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா? வீட்டுச் செலவோடு பட்டறையை ஓட்ட நாலு மாத ரன்னிங் பணத்தையும் தனியாக எடுத்து வையுங்கள், அப்புறம் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம்.