கருவாடு விக்கிற வீட்டுப் பொண்ணு சினிமா பத்திப் பேசக்கூடாதா?

ஒரு மாஸ் ஹீரோ படத்தைப் பார்த்துட்டு, அதுல கதையே இல்லைன்னு சனிக்கிழமை நான் போட்ட பதிவையும் அதுக்குக் கீழ நடந்ததையும் பார்த்திருப்பீங்க. படத்தோட பேரை மறுபடி இங்க சொல்லலை. சொன்னா அதே கூட்டம் திரும்ப வரும். திட்டு வாங்குறது பழகிருச்சு. ஆனா ஒரு தம்பி, ப்ரொஃபைல்ல அந்த ஹீரோ போட்டோவை வச்சிருக்கிறவர், "கருவாடு விக்கிற வீட்டுல இருந்துக்கிட்டு திரைக்கதை பத்தி கிளாஸ் எடுக்குறியா"ன்னு எழுதியிருக்கார். அதுக்கு எத்தனை சிரிப்பு பொம்மை! என் லிஸ்ட்ல இருக்கிற, எங்க ஊர்க்காரங்களே சிலபேர் சிரிச்சிருக்காங்க. அதுதான் உறுத்துது.

ஆமா, எங்கம்மா கருவாடுதான் விக்கிறாங்க. அப்பா விசைப்படகுல டிரைவர். நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: கதை எழுதாம படம் எடுக்குறாங்க. இப்பவும் அதையேதான் சொல்றேன்.

ட்ரெய்லர்ல பாம்பன் பாலத்தைக் காட்டினாங்க. நம்ம ஊர்க் கதையாச்சேன்னு, ராமேஸ்வரம் தீவுல இருக்கிற எங்க தங்கச்சிமடத்துல இருந்து வீட்டோட கிளம்பிப் போனோம். பாலத்து மேல ட்ரோன் பறந்து முடிஞ்சதும் ஊரும் முடிஞ்சுபோச்சு. அப்புறம் வர்ற பாம்பன் கரையில கண்டெய்னரா அடுக்கியிருக்கு. கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்குதுன்னு வசனம் பேசிட்டு வடகடல்ல, அதான் பாக் நீரிணைப் பக்கம், தென்னை உயரத்துக்கு அலையை எழுப்புறாங்க. கச்சான் காலத்துல கொந்தளிக்கிறது தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்கு, அதான் வடகிழக்குக் காத்துக்கு, அப்படியே தலைகீழ். இங்க பத்து வயசுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஹீரோ நினைச்ச ராத்திரியில படகை எடுத்துட்டுப் போறார், கடலுக்குப் போக மீன்வளத்துறையில வாங்குற டோக்கனும் கிடையாது, விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள்தான்கிற கணக்கும் கிடையாது.

"இது என்ன டாக்குமெண்டரியா"ன்னு கேட்டீங்க. டோக்கன் காட்டலைன்னு நான் அழலைங்க. ஒரு பொழுது கரையில உக்காந்து யார்கிட்டயாவது பேசியிருந்தாலே இது தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா என்ன அர்த்தம்? யாரும் வரலை, யாரும் கேக்கலை, யாரும் உக்காந்து எழுதலை. நாலு மாநிலத்து ஸ்டாரை ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கொண்டுவந்து நிறுத்தக் காசு இருக்கு. காது கிழியிற சத்தத்துக்குக் காசு இருக்கு. எழுதுறதுக்கு மட்டும் நேரமும் இல்லை, காசும் இல்லை. நாறிப்போன மீன் மேல எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் சட்டியில ஏறினதும் தெரிஞ்சிரும்.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மீன்பிடித் தடைக்காலம் 45 நாள். 2017லதான் 61 நாளாச்சு. படகு கரையில நிக்கும், வருமானம் இருக்காது, ஆனாலும் அந்த நாள்லதான் அப்பா எங்களை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவார். மறுநாள் வலை கட்டுற இடத்துல அவர் பார்த்த படத்தை முழுசா சொல்லணும். பக்கத்து வீட்டு அத்தைங்க, பெரியம்மா எல்லாம் வந்து உக்காருவாங்க. வில்லன் எங்க ஏமாத்தினான், தங்கச்சி எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனா, எல்லாம் வரிசையா வரும். எங்கம்மா பாதிப் படங்களை அப்பா வாயாலதான் பார்த்திருக்காங்க. இந்தப் படத்துக்கு மறுநாள் பெரியம்மா வந்து, "என்ன கதை தம்பி"ன்னு கேட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். "அடிச்சுக்கிட்டாங்க மதினி"ன்னு சொல்லிட்டு ஊசியை எடுத்துக்கிட்டார். எழுபது வயசை நெருங்குற மனுசன், கதை கேக்கத் தெரியாதவரா? சொல்லுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லை.

"மாஸ் படம்னா அப்படித்தான் இருக்கும்" – இல்லை. 'படகோட்டி' 1964ல வந்துச்சு. எம்.ஜி.ஆர். படம், பாட்டு, சண்டை எல்லாம் இருக்கு. அதுலயும் மீனவங்களை ரெண்டு பிரிவா மோதவிட்டு லாபம் பார்க்குற பணக்காரன் இருக்கான். அந்தக் கதையை எங்கப்பா இன்னைக்கும் சொல்லுவார். மாஸும் கதையும் சேரவே சேராதுன்னு யார் உங்களுக்குச் சொன்னது?

"நல்ல படமும் வருதே, அதை ஏன் பார்க்கலை" – வருது, மறுக்கலை. எங்க பக்கம் காலைக் காட்சி மட்டும் போட்டு மூணாம் நாள் தூக்கிடுறாங்க. காலையில அம்மா சந்தையில இருப்பாங்களா, தியேட்டர்ல இருப்பாங்களா?

"உங்க ஊர்ல கடத்தலே நடக்கலையா" – நடக்குது. கடல் அட்டை பிடிபடுறதும் தங்கம் பிடிபடுறதும் பேப்பர்ல வருதுதான். அதுக்காக இந்தக் கரையில இருக்கிற அத்தனை பேர் இடுப்புலயும் துப்பாக்கியா? ராமநாதபுரம்னா ஒண்ணு கடத்தல்காரன், இல்லைன்னா போலீஸ்காரரை மிரட்டுற வசனம்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." எத்தனை படத்துல கேட்டாச்சு! நாங்க இருக்கிற இடம் உங்களுக்குத் தண்டனை. தியேட்டர்ல கைதட்டுறாங்க. பக்கத்து சீட்டுல நாங்களும் உக்காந்திருக்கோம்.

1964 டிசம்பர் புயல்ல ஆளுங்களோட ரயிலே கடல்ல போன ஊர் தனுஷ்கோடி. இவங்களுக்கு அந்த இடிஞ்ச தேவாலயம் டூயட்டுக்குப் பின்னணி.

எங்க ஊர்ல எடுக்கக் கதை இல்லையாம்! இலங்கைக்காரங்க படகைப் பிடிச்சா ஆளுங்க திரும்பி வந்தாலும் படகு வராது. ஓனர் அங்க போய் கோர்ட்டுல நேர்ல நிக்கணும், போகலைன்னா படகு அரசுடைமை. 2018ல அபராதத்தையும் ஏத்திட்டாங்க. பல லட்சம் கடன்ல வாங்கின படகு இலங்கையில மயிலிட்டித் துறைமுகத்துல மக்கிக் கிடக்க, இங்க வட்டி கட்டிக்கிட்டு இருக்கிற குடும்பம் எத்தனை! விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு தீவு ஓரத்துல முங்கிக் கடல்பாசி எடுக்குற அக்காங்க இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தர்கிட்ட ஒரு சாயங்காலம் பேசுங்க, ரெண்டு படத்துக்குக் கதை கிடைக்கும். கேக்கத்தான் யாரும் வரலை.

கருவாட்டு வீடுன்னு சிரிச்சவங்களுக்கு: அந்தக் கருவாட்டுக் காசுலதான் எங்க வீட்டுல அஞ்சு டிக்கெட் எடுத்தோம். உங்க ஹீரோவோட வசூல் கணக்குல அதுவும் இருக்கு. காசை வாங்கிக்கிட்டு வாயை மூடுன்னா எப்படி?

பதிவை எடுத்துருன்னு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன், எடுக்க மாட்டேன். கமெண்ட்டும் திறந்தேதான் இருக்கு. படத்தைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க, பதில் சொல்றேன். எங்கம்மா தொழிலை இழுத்தா பிளாக்.